புளிப்பும் புரதமும் நரம்பணுவும்

தமிழ்த்துறை மலரில் நரம்பணுவைப் பற்றிய கட்டுரையா என வியப்போர் இருக்கக்கூடும். அறிவியலைத் தமிழில் சொல்ல இயலும் என்று மேடையில் முழங்குவது எளிது. ஓர் அறிவியற் பொருளை எடுத்துக்கொண்டு, தொடக்கம் முதல் இறுதிவரை தமிழிலேயே விளக்கிக் காட்டுவதன்றோ அதற்குத் தக்க சான்று? அவ்வெண்ணத்தோடு நாம் இங்குத் தேர்ந்துகொண்ட பொருள், நரம்பணுவின் உள்ளும் புறமும் நிலவும் அமிலத்தன்மை, அவ்வணுவின் புரதங்களில் பாஸ்பேட் ஏறுவதையும் இறங்குவதையும் எவ்வாறு மாற்றுகிறது என்பதாகும்.

கேட்ட அளவில் இஃது ஆய்வுக்கூடத்தாருக்கே உரிய செய்தி போலத் தோன்றும். ஆயினும், பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலற்று, நா குழறிக் கிடக்கும் முதியவர் ஒருவரையேனும் காணாதார் நம்முள் அரியர். அந்நோய் தாக்கிய முதற் சில நிமிடங்களில் மூளைக்குள் நிகழ்வது யாது என்று வினவினால், விடையின் பெரும்பகுதி இப்பொருளுக்குள்ளேயே அடங்கியிருக்கக் காணலாம்.

அமிலமும் அதன் அளவும்

அமிலம் என்னும் சொல்லுக்குப் புளிப்பு என்பதே அடிப்படைப் பொருள். முன்னைய வழக்கில் இதனைத் திராவகம் என்றும் கூறினர். நாக்கு அறியும் இப்புளிப்பிற்குக் காரணமாக நிற்பது ஹைட்ரஜன் அயனி என்னும் மிக நுண்ணிய துகள். ஒரு நீர்மத்தில் அவ்வயனி மிகுந்தால் அது புளிப்புடையது. குறைந்தால் காரத்தன்மை உடையது. இங்குக் காரம் என்றது மிளகாயின் சுவையை அன்று. அமிலத்திற்கு எதிரான தன்மையை என்பதை மாணவர் நினைவிற் கொள்க.

இதனை அளப்பதற்கு டென்மார்க் நாட்டு வேதியியல் அறிஞர் சோரன்சன் என்பார் 1909இல் ஓர் அளவுகோலை வகுத்தார். அதுவே பி.எச். எனப்படுவது. இதில் 7 என்பது நடுநிலை; அதற்குக் கீழே இறங்க இறங்கப் புளிப்பு ஏறும்; மேலே செல்லச் செல்லக் காரத்தன்மை ஏறும். இவ்வளவுகோலில் நாம் கருத்தூன்றி அறிய வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. ஓர் எண் குறைந்தால் ஹைட்ரஜன் அயனிகள் பத்து மடங்காகப் பெருகும். 0.3 மட்டும் குறைந்தாலும் அவை இரு மடங்காகும். ஆகவே, 7.2 என்பது 6.2 ஆயிற்று என்று படிக்கும்போது, ஏதோ ஒரு சிறு இறக்கம் என எண்ணிவிடலாகாது.

நம் தமனிக் குருதியின் பி.எச். 7.35க்கும் 7.45க்கும் இடையே நிற்கிறது. மூளையில் அணுக்களுக்கு இடையேயுள்ள நீர்மத்தில் அது ஏறத்தாழ 7.3, நரம்பணுவின் உள்ளேயோ சற்றே குறைந்து, 7.0 முதல் 7.2 வரை இருக்கும். இவ்வளவு குறுகிய எல்லைக்குள் உடல் தன்னைக் காத்துக்கொள்வது வியத்தற்குரியது. குருதியில் உள்ள பைகார்பனேட் என்னும் பொருள் மிகுதியான அமிலத்தை ஏற்றுக்கொள்கிறது. நுரையீரல் கரியமில வாயுவை வெளியேற்றுகிறது. சிறுநீரகம் எஞ்சிய அமிலத்தைக் கழிக்கிறது.

எனவே, புளிக்குழம்பும் எலுமிச்சை ஊறுகாயும் உண்பதால் மூளை புளித்துவிடும் என்று அஞ்சுவதற்கு இடமில்லை. காரநீர் பருகினால் குருதியே காரமாகிவிடும் என்பதும் பொருந்தாத கூற்றே. இரைப்பையில் இயல்பாகவே சுரக்கும் அமிலம் எந்த ஊறுகாயினும் வலியது. அது மூளையைச் சென்று தாக்குவதில்லை. மூளையின் புளிப்பு உணவினால் வருவதன்று. அது மூளைக்குள்ளேயே பிறப்பது.

புரதம் ஏற்கும் உருபு

இனி, பாஸ்பேட் ஏற்றத்தைக் காண்போம். அறிவியல் நூல்கள் இதனைப் பாஸ்பாரிலேற்றம் என்று வழங்கும். பெயர் அச்சுறுத்தினும் பொருள் எளிது. இலக்கணம் பயின்றோர்க்கு ஓர் உவமையால் விளக்கலாம்.

சாத்தன் என்பது ஒரு பெயர்ச்சொல். அதனோடு ஐ உருபு சேரின் சாத்தனை என்றாகி, அவன் செயப்படுபொருள் ஆகிறான். ஆல் உருபு சேரின் சாத்தனால் என்றாகிக் கருத்தா ஆகிறான். கு உருபு சேரின் கொடையை ஏற்பவன் ஆகிறான். சாத்தன் மாறவில்லை, அவனோடு ஒட்டிய ஒரு சிறு உருபு, தொடரில் அவன் ஆற்றும் தொழிலை மாற்றிவிட்டது. நம் அணுக்களில் உள்ள புரதங்களும் இவ்வாறே. புரதத்தின் குறிப்பிட்ட ஓரிடத்தில் பாஸ்பேட் என்னும் சிறு தொகுதி வந்து ஒட்டும்போது, உறங்கிக் கிடந்த புரதம் விழித்தெழுகிறது; அல்லது விழித்திருந்தது உறங்கிவிடுகிறது; அல்லது ஓரிடத்தில் கட்டுண்டு கிடந்தது விடுபட்டு நகர்கிறது. பாஸ்பேட் கழன்றால் பழைய நிலை மீள்கிறது.

உவமை இவ்வளவில் நிற்க, வேதியியல் நோக்கில் நிகழ்வது இது. பாஸ்பேட் எதிர்மின்னூட்டம் உடையது. அது புரதத்தில் ஏறியவுடன், அருகிலுள்ள நேர்மின் பகுதிகளை ஈர்க்கிறது. எதிர்மின் பகுதிகளைத் தள்ளுகிறது. அதனால் புரதத்தின் வடிவம் மாறுகிறது. வடிவம் மாறவே தொழிலும் மாறுகிறது. பாஸ்பேட் ஏறும் இடங்கள் பெரும்பாலும் செரின், திரியோனின், டைரோசின் என்னும் மூன்று அமினோ அமிலங்கள் ஆகும். பாஸ்பேட்டை ஏற்றி வைக்கும் நொதிகளுக்குக் கைனேஸ் என்று பெயர். இறக்கிவிடும் நொதிகளுக்குப் பாஸ்படேஸ் என்று பெயர். மனித உடலில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட கைனேஸ்கள் உள. அவை அனைத்தும் பாஸ்பேட்டைப் பெறுவது ஏ.டி.பி. என்னும் ஆற்றற் பொருளிலிருந்து. ஏ.டி.பி. இல்லையேல் ஏற்றமும் இல்லை. இக்குறிப்பு பின்னர் நமக்குத் தேவைப்படும்.

இவ்வுண்மையை முதலிற் கண்டவர்கள் எட்வின் கிரெப்ஸ், எட்மண்ட் ஃபிஷர் ஆகிய இருவர். 1950களின் நடுவில், அமெரிக்காவின் சியாட்டில் நகரில், தசையிலுள்ள ஒரு நொதியை ஆய்ந்தபோது, அது பாஸ்பேட் ஏறினால் விழிக்கிறது, இறங்கினால் ஓய்கிறது என்று கண்டனர். அதற்கு 1992இல் நோபல் பரிசு கிடைத்தது. நரம்பணுக்களிலும் இம்முறையே ஆட்சி செய்கிறது என்று நிறுவியவர் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பால் கிரீன்கார்ட் ஆவார். அவர் ஆர்விட் கார்ல்சன், எரிக் காண்டல் ஆகியோருடன் 2000ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நரம்பணுவில் இதன் பணிக்கு இரண்டு சான்றுகள் போதும். நரம்பணுவின் முனையில், செய்தி கடத்தும் வேதிப்பொருளைச் சுமந்த நுண்பைகள் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. அவற்றைக் கட்டிவைக்கும் புரதம் சினாப்சின். அதில் பாஸ்பேட் ஏறியதும் கட்டு நெகிழ்கிறது. பைகள் விடுபட்டுச் செய்தியை வெளியிட ஆயத்தமாகின்றன. மற்றொன்று காம்-கைனேஸ் 2 என்னும் நொதி. பன்னிரு துணையலகுகள் வளையமாகக் கூடி அமைந்தது இது. கால்சியம் அணுவினுள் புகும்போது இது விழித்து, தன் துணையலகுகள் மீதே பாஸ்பேட்டை ஏற்றிக்கொள்கிறது. பின்னர்க் கால்சியம் விலகிய பின்னும் சிறிது காலம் விழித்தே இருக்கிறது. கண நேரத்தில் வந்து போன ஒரு செய்தியின் தடம் அணுவில் தங்குவதற்கு இதுவும் ஒரு வழி. நாம் கற்பதும், கற்றது நிற்பதும் இத்தகைய ஏற்ற இறக்கங்களைச் சார்ந்தனவே.

அமிலம் தொடும் இடங்கள்

அமிலம் மிகும்போது இவ்வேற்றமும் இறக்கமும் ஏன் மாற வேண்டும்? காரணங்கள் ஒன்றல்ல, ஒன்றன்பின் ஒன்றாகக் காண்போம்.

முதலாவது, நொதிகளின் இயல்பு. ஒவ்வொரு நொதிக்கும் தனக்கேற்ற பி.எச். ஒன்றுண்டு. பாஸ்படேஸ்களிலேயே அமிலத்தில் சிறந்து தொழிற்படுவனவும் உள. காரச்சூழலில் சிறந்து தொழிற்படுவனவும் உள. எனவே சூழல் புளிக்கும்போது, ஏற்றும் கைகளும் இறக்கும் கைகளும் ஒரே அளவில் தளர்வதில்லை. சில தளரும், சில அவ்வாறே நிற்கும். அதனால் அவற்றின் சமன்பாடு குலைகிறது.

இரண்டாவது, பாஸ்பேட்டின் மின்னூட்டம். புரதத்தில் ஏறிய பாஸ்பேட், இயல்பான பி.எச். நிலையில் பெரும்பாலும் இரண்டு எதிர்மின்னூட்டம் கொண்டிருக்கும். பி.எச். 6ஐ நெருங்கும்போது ஹைட்ரஜன் அயனி அதனோடு சேர்ந்து, அவற்றுள் ஒன்றை அழித்துவிடும். உருபு ஒட்டியே இருக்கிறது; ஆனால் அதன் வலிமை குன்றிவிட்டது. மேலும், புரதங்களில் உள்ள ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் 6க்கும் 7க்கும் இடைப்பட்ட எல்லையிலேயே ஹைட்ரஜன் அயனியை ஏற்கவும் விடவும் வல்லது. ஆதலால் பல புரதங்களுக்கு அதுவே புளிப்பை உணரும் நாக்காக அமைகிறது.

மூன்றாவது, கால்சியத்தின் வரவு. இதுவே மிக இன்றியமையாதது. கைனேஸ்களும் பாஸ்படேஸ்களும் பல கால்சியத்தின் ஏவலுக்குக் காத்திருப்பவை. அக்கால்சியம் அணுவினுள் புகும் வாயில்களை அமிலம் கட்டுப்படுத்துகிறது. அவ்வாயில்களுள் பெயர் பெற்றது என்.எம்.டி.ஏ. ஏற்பி. குளூட்டமேட் என்னும் செய்திப்பொருள் வந்து தொட்டால் அது திறக்கும். 1990இல் லண்டனில் ஸ்டீபன் ட்ரெய்னெலிஸ், ஸ்டூவர்ட் கல்-கேண்டி ஆகியோர், ஹைட்ரஜன் அயனிகள் இவ்வாயிலை அடைக்கின்றன என்று காட்டினர். இயல்பான பி.எச். நிலையிலேயே அதன் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி அடைபட்டே இருக்கிறது என்பது அவர்கள் கண்ட வியப்பான செய்தி. புளிப்புச் சற்றே கூடினாலும் வாயில் மேலும் அடையும்.

ஒரு வாயிலை அடைக்கும் அமிலமே வேறொரு வாயிலைத் திறக்கவும் செய்கிறது. 1997இல் பிரான்சு நாட்டில் வால்ட்மன், லாஸ்டுன்ஸ்கி ஆகியோர் குழு, அமிலம் பட்டவுடன் திறக்கும் அயனி வாயில் ஒன்றைக் கண்டறிந்தது. ஏசிக் எனச் சுருக்கிச் சொல்லப்படும் அவ்வகையுள் ஏசிக்-1ஏ என்பது சோடியத்தோடு கால்சியத்தையும் ஓரளவு உள்ளே விடக்கூடியது. ஆகவே, அமிலம் அடைக்கும் தாழாகவும் திறக்கும் திறவுகோலாகவும் ஒருங்கே நிற்கிறது. எது மேலோங்கும் என்பது அளவையும் காலத்தையும் பொறுத்தது.

நான்காவது வழி, பைகார்பனேட்டை உணரும் நொதி. அணுவினுள் உள்ள ஒருவகை அடினைலில் சைக்ளேஸ், பைகார்பனேட்டினால் நேரடியாகத் தூண்டப்படுகிறது என்பது 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு. அந்நொதி உண்டாக்கும் சுழற்சி ஏ.எம்.பி. என்னும் செய்தியாளன், கைனேஸ் ஏ என்னும் மற்றொரு பாஸ்பேட் ஏற்றியை எழுப்பிவிடுகிறது. அமிலத்தைச் சமன்படுத்தும் பொருளே அணுவுக்குச் செய்தியும் சொல்கிறது என்பது எண்ணி மகிழத்தக்கது.

அளவோடு இருப்பின்

மேற்கூறியவற்றால் அமிலம் நரம்பணுவுக்குப் பகையே என்று முடிவு கட்டிவிடலாகாது. அளவோடு இருப்பின் அது நட்பே.

மூச்சை அடக்கிப் பார்ப்போர் அறிவர்: சிறிது நேரத்தில் மூச்செடுக்கும் உந்துதல் தாங்கொணாததாகிறது. பெரும்பாலும் அவ்வுந்துதல் உயிர்வளி குறைந்ததனால் அன்று. கரியமில வாயு கூடியதனால் எழுவது. அவ்வாயு எளிதில் மூளையினுள் புகுந்து அமிலத்தை மிகுவிக்கிறது. முகுளத்திலுள்ள சில நரம்பணுக்கள் அதனை உணர்ந்து மூச்சை விரைவுபடுத்துகின்றன. அவற்றின் மேற்பரப்பிலுள்ள ஜி.பி.ஆர்.4 என்னும் ஏற்பி அமிலத்தை அறியும் கருவிகளுள் ஒன்று என்று 2015இல் எலிகளில் காட்டப்பட்டது. அவ்வேற்பி மேலே சொன்ன சுழற்சி ஏ.எம்.பி.யைப் பெருக்கும் வகையைச் சார்ந்தது. நாம் உறங்கும்போதும் மூச்சு நில்லாமல் நடப்பதற்குப் புளிப்பை உணரும் அணுக்கள் துணை நிற்கின்றன.

நினைவிலும் அமிலத்திற்குப் பங்குண்டு. செய்திப்பொருளைச் சுமக்கும் நுண்பைகளின் உட்புறம் புளிப்பானது, அதன் பி.எச். ஏறத்தாழ 5.5. பை வெடித்துச் செய்தி வெளிப்படும்போது, கண நேரத்திற்கு அங்குள்ள இடைவெளியும் புளிக்கிறது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அச்சத்தைப் பதியவைக்கும் அமிக்டலா என்னும் பகுதியில் ஹைட்ரஜன் அயனியே ஒரு செய்தியாளனாகத் தொழிற்படுகிறது என்றனர். ஏசிக்-1 இல்லாத எலிகள் கற்பதில் குறைபாடு உடையன என்பதை அவர்கள் 2002இலேயே கண்டிருந்தனர்.

அளவு மிகின்

மூளை நம் உடல் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கே. ஆயினும் நாம் உட்கொள்ளும் உயிர்வளியில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவிடுகிறது. நாளைக்கென்று சேர்த்து வைக்கும் வழக்கம் அதற்குப் பெரும்பாலும் இல்லை. குருதியோட்டம் முற்றிலும் நின்றால் பத்து நொடி அளவிலேயே நினைவு தப்புகிறது. சில நிமிடங்களில் ஏ.டி.பி. தீர்ந்துவிடுகிறது.

உயிர்வளி இல்லாத நிலையில், அணு எஞ்சிய சர்க்கரையை அரைகுறையாகச் சிதைத்து உயிர் தரிக்க முயல்கிறது. உயிர்வளி இருக்கும்போது ஒரு குளுக்கோஸ் மூலக்கூறினால் முப்பதளவு ஏ.டி.பி. கிடைக்கும். அஃது இல்லாதபோது கிடைப்பவை இரண்டே. ஈட்டம் குறைவு, எச்சமோ லாக்டிக் அமிலம். குருதி வந்து அதனைக் கழுவிச் செல்வதற்கும் வழியில்லை. 7.2 என நின்ற பி.எச். 6.5 அளவுக்கு வீழ்கிறது. அதாவது ஹைட்ரஜன் அயனிகள் ஐந்து மடங்காகின்றன.

இப்போது பாஸ்பேட் ஏற்றத்தின் நிலையை நோக்குவோம். ஏ.டி.பி. தீர்ந்ததனால் ஏற்றும் கைகளுக்குச் சரக்கில்லை. உள்ளே பெருகிய கால்சியத்தால் கால்சினியூரின் போன்ற இறக்கும் கைகள் ஊக்கம் பெறுகின்றன. நினைவுக்குத் துணைநின்ற காம்-கைனேஸ் 2, குருதித்தடையின்போது தன் இடம்பெயர்ந்து, செயலிழக்கத் தொடங்குகிறது. ஆனால் அதற்கு முன் அது செய்யும் தீங்கு ஒன்றைச் சீன ஆய்வாளர்கள் 2005இல் எலிகளில் கண்டறிந்தனர். குருதி தடைப்பட்ட மூளையில் என்.எம்.டி.ஏ. ஏற்பி காம்-கைனேஸ் 2ஐத் தூண்டுகிறது. அக்கைனேஸ் ஏசிக்-1ஏ வாயிலின் மீது பாஸ்பேட்டை ஏற்றுகிறது. பாஸ்பேட் ஏறிய வாயில் அமிலத்திற்கு முன்னினும் மிகுதியாகத் திறந்துகொடுக்கிறது. புளிப்பு பாஸ்பேட்டை மாற்றுகிறது என்று தொடங்கினோம். இங்கோ பாஸ்பேட், புளிப்பின் கொடுமையை மிகுவிக்கிறது. நச்சுச் சுழல் என்பது இதுவே.

2015இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இன்னும் வியப்பிற்குரியது. ஏசிக்-1ஏ வாயிலில் அமிலம் பட்டதும், அதன் வழியே அயனி எதுவும் புகாத நிலையிலும், அப்புரதத்தின் உள்முனை ரிப்-கைனேஸ் 1 என்னும் நொதியைத் தன்பால் அழைத்துக்கொள்கிறது. அந்நொதியில் பாஸ்பேட் ஏறுகிறது. அதனைத் தொடர்ந்து அணு, திட்டமிட்டதொரு சாவை மேற்கொள்கிறது. அமிலம் அணுவை எரித்துக் கொல்கிறது என்று எண்ணியிருந்தோம். அணுவோ அமிலம் சொன்ன செய்தியைக் கேட்டு, தானே தன் வாயிற்கதவைச் சாத்திக்கொள்கிறது.

குருதி மீண்டும் பாய்ந்த பின்னும் இன்னல் தீர்வதில்லை. புரதம் ஆக்கும் பணிக்கு இன்றியமையாத ஈ.ஐ.எஃப்.2 என்னும் காரணியில் பாஸ்பேட் ஏறி, அப்பணி நின்றுவிடுகிறது. சில அணுக்களில் அது மீண்டு தொடங்கும். நலிந்த அணுக்களில் தொடங்குவதில்லை. உரிய நேரத்தில் ஏறினால் வாழ்விக்கும் பாஸ்பேட், நேரந்தவறி ஏறினால் வீழ்த்துவதாகிறது.

சர்க்கரையும் புளிப்பும்

குருதித்தடையின்போது மூளையில் சர்க்கரை மிகுதியாக இருப்பது நன்மை என்றே எவரும் எண்ணுவர். பசித்தவனுக்கு உணவு கையிருப்பில் உள்ளதன்றோ? உண்மை நேர்மாறானது. 1977இல் ரொனால்ட் மயர்ஸ் தம் துணைவருடன் குரங்குகளில் செய்த ஆய்வில், இதயம் நிறுத்தப்படுவதற்கு முன் குளுக்கோஸ் ஏற்றப்பட்டவை, உண்ணாதிருந்தவற்றைவிட மிகக் கொடிய மூளைச் சிதைவுக்கு உள்ளாயின. உயிர்வளி இல்லாத இடத்தில் சர்க்கரை, உணவாவதைவிட மிகுதியாக அமிலமாகிவிடுகிறது. சுவீடன் நாட்டு லுண்ட் நகரின் போ சீஷ்யோ என்பார் இதனைப் பல்லாண்டுகள் ஆய்ந்து, சர்க்கரை மிகுந்த நிலையில் மூளைத் திசுவின் பி.எச். 6 அளவுக்கும் அதற்குக் கீழும் வீழ்தல் கூடும் என்று காட்டினார்.

மாறாக, இலேசான அமிலம் அணுவைக் காப்பதும் உண்டு. 1990இல் அமெரிக்க ஆய்வாளர்கள், வளர்ப்புத் தட்டில் இருந்த நரம்பணுக்களுக்கு உயிர்வளியையும் சர்க்கரையையும் மறுத்தபோது, சற்றே புளித்த சூழலில் இருந்தவை குறைவாகவே நலிந்தன. என்.எம்.டி.ஏ. வாயில் அடைபட்டதே காரணம். அளவுக்கு மிஞ்சினால் அமிழ்தும் நஞ்சு என்பது முதுமொழி. ஈண்டு நஞ்சும் அளவோடிருந்தால் அமிழ்தாகிறது.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடத்தையும் அளவோடு கொள்ள வேண்டும். பக்கவாதம் வந்தபின் சர்க்கரையை மிகக் கடுமையாகக் குறைத்துவிட்டால் நோயாளி நலம் பெறுவார் என்று கருதிச் செய்யப்பட்ட பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2019இல் வெளியாயிற்று. இயல்பான அளவில் மருத்துவம் பெற்றோரைவிட அவர்கள் மிகுதியாக நலம் பெறவில்லை. வந்தபின் காப்பதிலும் வருமுன் காப்பதே வலிது. சர்க்கரையையும் குருதி அழுத்தத்தையும் நாள்தோறும் கட்டுக்குள் வைத்திருத்தலே அறிவுடைமை.

அளப்பதன் அருமையும் மருந்தின் நாட்டமும்

இத்துறை ஆய்வு எளிதன்று. உயிர் நீங்கிய மூளையை எடுத்து ஆராயின், அதற்குள் பாஸ்பேட் பல இறங்கிவிட்டிருக்கும். அல்சைமர் நோயில் டவ் என்னும் புரதத்தில் பாஸ்பேட் மிகுதியாக ஏறியிருப்பதைக் கண்டவர்கள், அவற்றுள் பல இடங்கள் நோயுற்ற மூளைக்கே உரியவை என்று முதலிற் கருதினர். 1994இல், உயிருள்ளோரிடம் அறுவையின்போது எடுத்த மூளைத் திசுவை ஆராய்ந்தபோது, நலமான மூளையிலும் அவ்விடங்கள் பலவற்றில் பாஸ்பேட் இருந்தமை தெரியவந்தது. இறந்தபின் எடுத்த நலமான மூளையில் அது கழன்று போயிருந்தது, அவ்வளவே. இன்றும் மூளைச் சேமிப்பகங்கள் தாம் பெறும் மூளையின் பி.எச். அளவைக் குறித்து வைக்கின்றன. இறுதி வேளையில் அம்மூளை எவ்வளவு இடர்ப்பட்டது என்பதற்கு அது சான்றாகிறது.

உயிருள்ள மூளையைத் தொடாமலேயே அதன் புளிப்பை அறியவும் வழி பிறந்திருக்கிறது. காந்த அதிர்வு முறையில் பாஸ்பேட்டின் குறிகை, பி.எச். மாறுவதற்கேற்ப இடம்பெயரும். அப்பெயர்ச்சியை அளந்து அணுவின் உட்புளிப்பைக் கணக்கிடலாம் என்று 1973இல் காட்டப்பட்டது. புளிப்பினால் ஆட்டுவிக்கப்படும் பாஸ்பேட்டே புளிப்பை அளக்கும் கோலாகவும் அமைந்தது நயமுடையது.

மருந்தைப் பொறுத்தவரை, என்.எம்.டி.ஏ. வாயிலை அடைக்கும் பொருள்கள் விலங்குகளில் வெற்றி தந்தன. பக்கவாத நோயாளிகளிடம் தோற்றன. ஏசிக்-1ஏ வாயிலை அடைக்கும் பொருள்கள் சிலந்தியின் நஞ்சிலிருந்து கிடைத்துள்ளன. டிரினிடாடு நாட்டுச் சிலந்தி ஒன்றின் நஞ்சு, எலிகளில் மூளைச் சிதைவைக் குறைத்ததை 2004இல் சியோங், சைமன் ஆகியோர் காட்டினர். ஆஸ்திரேலியச் சிலந்தியின் நஞ்சிலுள்ள ஹை1ஏ என்னும் பொருள், பக்கவாதம் தொடங்கி எட்டு மணி நேரம் கழித்துக் கொடுத்தபோதும் எலிகளுக்குப் பயன்பட்டது என்று 2017இல் குவீன்சுலாந்து பல்கலைக்கழகத்தார் அறிவித்தனர். எலிக்கு உதவியது மனிதனுக்கும் உதவும் என்று முன்கூட்டியே சொல்லிவிட இயலாது; முன்னைய தோல்விகள் நமக்கு அவ்வடக்கத்தைக் கற்பித்துள்ளன.

நிறைவாக

குருதி தடைப்பட்ட மூளைத் திசுவின் நடுப்பகுதி விரைவில் மடிகிறது. அதனைச் சூழ்ந்த பகுதியோ உடனே மடிவதில்லை. அங்கே சிறிதளவு குருதி கசிந்து வருவதால், அணுக்கள் செயலற்றுப் போயினும் உயிரோடு காத்திருக்கின்றன. புளிப்பிற்கும் பாஸ்பேட்டிற்கும் இடையே நாம் கண்ட போராட்டம் நடக்கும் களம் அதுவே. அங்கே ஒவ்வொரு நிமிடமும் விலைமதிப்புடையது. பெரிய குழாய் அடைபட்டு மருத்துவம் கிட்டாத நிலையில், நிமிடத்திற்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று 2006இல் கணக்கிட்டனர்.

உறைந்த குருதியைக் கரைக்கும் மருந்து மூன்று மணி நேரத்திற்குள் பயன் தரும் என்பது 1995இல் உறுதியாயிற்று. அவ்வெல்லை நாலரை மணி வரை நீளும் என்று 2008இல் தெரிந்தது. குழாய் வழியே கட்டியை வெளியே எடுக்கும் முறை 2015இல் நிலைபெற்றது. தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும் அது பயன்படும் என 2018இல் காட்டப்பட்டது. குருதிக் கசிவினால் வரும் பக்கவாதத்திற்குக் கரைக்கும் மருந்து ஆகாது. ஆதலால் முதலில் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தல் இன்றியமையாதது.

ஆகவே, வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்கவியலாமல் தொய்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது. எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம், சிறிது பால் கொடுத்துப் பார்ப்போம் என்பதும் கூடாது. விழுங்கும் ஆற்றல் குன்றியிருக்கும் அவ்வேளையில் வாய்வழி எதுவும் கொடுத்தல் ஆகாது. குறிகள் தோன்றிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, படம் எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும்.

உருபு ஒன்று மாறினால் தொடரின் பொருள் மாறுவதை வகுப்பறையில் நாள்தோறும் விளக்குகிறோம். வகுப்பில் பிழை நேர்ந்தால் அழித்துவிட்டு எழுதலாம். நரம்பணுவில் திருத்துவதற்குக் கிடைக்கும் நேரம் சிறிது. அச்சிறு நேரத்தை வீணாக்காதிருத்தல் அருகில் இருப்போர் கையில் உள்ளது.